புள்ளி நான்கு கழிக்கவும்

உடல் ஒன்றுதான்.
தலை இரண்டு இருக்கு, எதை மாட்டித் தரட்டும்
என்றார் இம்தியாஸ்,
பழையபேட்டையில், ஷட்டரைப் பாதி இறக்கிய கடைக்குள்,
வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில்.

ஒன்று மீட்டர் வைத்தது.
நெற்றி புடைத்து, கனத்து,
கழுத்தில் போட்டால்
கூடுதலாக ஒரு பெங்களூரா மாங்காய் தொங்கும் பாரம்.
உள்ளே ஒரு முள்.
நடுவில் நின்றால் சரி,
ஏறினால் அதிகம், இறங்கினால் குறைவு.

மற்றது மொட்டை.
அதில் பார்க்கலாம், அவ்வளவுதான்.
வெளிச்சம் எவ்வளவு என்று அது சொல்லாது.
மொட்டைக்குத்தான் விலை அதிகம்.
வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எழுநூறு ரூபாய்.

இரண்டையும் வாங்க என் சம்பளம் இடம் தராது.
மாம்பழக் கூழ் ஆலையில் ஆய்வக வேலை,
வைகாசி முதல் ஆடி வரை இரண்டு ஷிப்ட்,
அப்புறம் பாதிச் சம்பளம்.

வெளிய வெச்சுப் பாருங்க, வந்துடறேன் என்று போனார்.

சாலையில் கருங்கல் லாரி ஒன்று
டயர் மாற்ற நின்றிருந்தது,
மேலே அறை அளவுக்கு ஒற்றைக் கல்.
மீட்டர் தலையை அதன்மேல் திருப்பினேன்.
முள் விழுந்தது.
திற, இன்னும் திற, என்றது.
அது சொன்னபடி திறந்தால் கல் சாம்பலாகிவிடும்.
எதிரே புதுச் சுண்ணாம்பு அடித்த ரேஷன் கடைச் சுவர்.
முள் துள்ளியது. மூடு, மூடு.
மூடினால் சுவரும் சாம்பல்.
அதற்குத் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்று.
உலகம் மொத்தத்தையும் அங்கே கொண்டு சேர்க்காமல்
அதற்குத் தூக்கம் வராது.

கழுத்தில் கிடந்த ஆலை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
மா. மாதேஸ்வரி, தரக் கட்டுப்பாடு.
வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தது.
மீட்டர் துணியைப் பார்த்திருக்கிறது.
என்னைப் பார்க்கவில்லை.
மூக்குத்தி இருக்கு, மூக்கு எங்கேம்மா
என்று வாட்ச்மேன் சின்னராஜ் பருவத்துக்குப் பருவம் கேட்பார்,
நானும் பருவத்துக்குப் பருவம் சிரிப்பேன்.

மொட்டைதான் என்று முடிவு செய்தேன்.
எழுநூறு போனால் போகட்டும்.

அந்த முடிவு லாரி கிளம்பும்வரை தாங்கியது.

லாரி போன வெற்றிடத்தில் வெயில் எவ்வளவு?
எனக்குத் தெரியவில்லை.
கோட்டை மலைமேல் மேகம் ஒன்று வந்து உட்கார்ந்தது,
சாலை பாதி வெளிச்சத்தை இழந்தது,
கண்ணோ அந்த நொடியே பழகிக்கொண்டு
ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.
கண் அப்படித்தான், எதற்கும் பழகும்.
இரண்டாம் ஷிப்டுக்கு, சின்னராஜுக்கு,
அட்டையில் இருக்கும் அந்தக் கருப்புத் திட்டுக்கு.
முள் பழகவில்லை.
விழுந்து கிடந்தது.

ஆய்வகத்தில் சர்க்கரை அளக்கும் கருவி ஒன்று,
எப்போதும் புள்ளி நான்கு கூட்டிக் காட்டும்.
சரிசெய்ய ஓசூரிலிருந்து ஆள் வருவதாக
மூன்று வருடமாகச் சொல்கிறார்கள்.
பிளாஸ்திரியில் எழுதி அதன் வயிற்றில் ஒட்டிவிட்டோம்:
புள்ளி நான்கு கழிக்கவும்.
அதை நம்பித்தான் கூழ் கப்பல் ஏறுகிறது.
என் நாக்கை நம்பி ஒரு டிரம்கூட ஏறியதில்லை.
நாக்கு காலையில் ஒன்று சொல்லும்,
சாப்பிட்டு வந்தால் வேறொன்று.

இம்தியாஸ் திரும்பி வந்து
மொட்டையைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.
"மீட்டர் குடுங்க."
"முள் ஒரு ஸ்டாப் தப்பாக் காட்டும். இப்பவே சொல்லிட்டேன்."
"எப்பவும் ஒரே பக்கமா?"
யோசித்தார்.
"எப்பவும்."
"அப்பச் சரி."

இரவு பிளாஸ்திரி வெட்டி
தலையின் பின்பக்கம் ஒட்டினேன். பொடி எழுத்தில்:

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று கழி.
பிறகு,
கருங்கல், இன்னும் இரண்டு கழி.
சுண்ணாம்புச் சுவர், இரண்டு கூட்டு.
என் முகம், துணி இல்லாமல், ஒன்று கழி.
அணையில் மதகு திறக்கும் நாள்

என்று எழுதி
பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.